அத்தானின் ரிவால்வர்

என் வாழ்நாளில் ஒரே ஒரு துப்பாக்கியைத்தான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அதையும் கெடுத்துத் தொலைத்தேன். அன்பர்கள் பயப்பட வேண்டாம், யாரையும் சுடவில்லை. நல்லது செய்கிறேன் பேர்வழி என்று ஒரு யோசனை சொன்னேன், அவ்வளவுதான். எட்டு வருஷமாக யாரிடமும் முழுதாகச் சொல்லாத விஷயம் இது. போன வாரம் அக்கா கேட்ட ஒரு கேள்வியால் இப்போது எழுதத் தோன்றியது.

துப்பாக்கிக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது என்றும் சொல்ல முடியாது. அரசு வேலையில் இருந்த காலத்தில் நான்கு வருஷம் துப்பாக்கி உரிமப் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் சரியான சொல். துப்பாக்கி கண்ணில் படாது. எண்தான் வரும். உரிமப் புத்தகத்தில் இருக்கும் எண்ணும் பதிவேட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது, புதுப்பித்த தேதியை ஏற்றுவது, தேர்தல் வந்தால் யார் யார் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்கள், யார் ஒப்படைக்கவில்லை என்று பட்டியல் போடுவது. இரும்பை அல்ல, காகிதத்தைத்தான் நான் காவல் காத்தேன். ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் நான் 'துப்பாக்கி ஆபீஸில் இருந்தவன்'. துப்பாக்கி பற்றி நான் சொன்னால் கேட்பார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் அத்தான் சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இருபது வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போனார். அந்தச் சண்டை முடிந்து லீவில் வந்தபோது அக்காவைக் கட்டிவைத்தார்கள். பிறகு அல்ஜீரியா. 1962 வந்தது, பிரெஞ்சு நேஷனாலிட்டேயை வைத்துக்கொண்டார். 1965ல் ரெத்ரேத் வாங்கிக்கொண்டு தெற்கே ஃப்ரெழூஸ் பக்கம் கொஞ்ச நாள் இருந்தார்கள். அப்புறம் பாரீஸ் வடக்கில் சார்செல் வந்து சேர்ந்தார்கள். நான் அக்காவைவிடப் பதினோரு வயது சின்னவன். அவள் கப்பல் ஏறியபோது நான் செர்த்திபிக்காவுக்குப் படித்துக்கொண்டிருந்த பையன். அத்தான் எழுதும் கடிதங்களை வீட்டில் படித்துச் சொல்வது என் வேலை. முக்கால்வாசி பிரெஞ்சில் இருக்கும். கடைசியில் அக்கா பெயரின் முதல் எழுத்தான 'ம'வை மட்டும் தமிழில் கோணலாக எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருப்பார். மிஷன் பள்ளியில் படித்த மனிதர். தமிழில் பேசக் கேட்டால் அருவி மாதிரி இருக்கும், எழுதச் சொன்னால் வியர்த்துவிடும்.

அவர் ரெத்ரேத் ஆனபோது ரெஜிமெண்டில் ஆயுதங்களைப் பழுதுபார்த்த ஒரு வயதான நண்பர் நினைவாக ஒரு ரிவால்வரைக் கொடுத்தாராம். 1873ஆம் ஆண்டு மாதிரி. சேந்த் எத்தியேன் ஆயுதச் சாலையில் செய்தது. 11 மில்லிமீட்டர் குண்டு, ஆறு தோட்டா, ஒரு கிலோவுக்கு மேல் கனம். முதல் உலகப் போரில்கூடப் பின்வரிசைக்காரர்கள் கையில் இது இருந்ததாம். அத்தானிடம் வந்தபோதே அது கிழம். குண்டும் கிடையாது, சுடும் எண்ணமும் கிடையாது. ஒரு ஃபிளானல் துணியில் எண்ணெய் தொட்டுச் சுற்றி, அலமாரியில் அக்காவின் பட்டுப்புடவைக்குக் கீழே வைத்திருப்பார். வருஷத்துக்கு இரண்டு தரம் எடுத்துத் துடைப்பார். 2011ல் அத்தான் காலமானார். அதற்குப் பிறகு யாரும் துடைக்கவில்லை.

2014ல் நான் மூன்று மாத விசாவில் அங்கே போனேன். அக்கா ஊருக்கே திரும்பிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். சாமான்களைப் பிரிக்க ஒத்தாசைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எதை எடுத்துப் போவது, எதைக் கொடுப்பது, எதை விற்பது. ரிவால்வர் வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்தியாவுக்குக் கொண்டுவருவதென்றால் உரிமம், சுங்கம் என்று நூறு சிக்கல், அந்த எண்ணமே வேண்டாம் என்றேன். அது சரியான பதில். பிரான்ஸில் அப்படி இல்லை. 1900க்கு முன் வடிவமைத்த மாதிரியாக இருந்தால் பொதுவாக அது பழம்பொருள் கணக்கு, பதினெட்டு வயது நிரம்பியவர் வாங்கலாம், விற்கலாம். என் அக்கா மகனின் சிநேகிதன் ஒருவன், இந்த மாதிரி நன்றாக இருந்தால் 700 யூரோ போகும் என்று சொல்லியிருந்தான்.

துணியைப் பிரித்துப் பார்த்தேன். எனக்கு ஏமாற்றம். சாம்பல் நிறம். அங்கங்கே புகை படிந்தாற்போல் பழுப்பு. குழலின் மேல் உப்புக்காற்று பட்ட ஜன்னல் கம்பி மாதிரி பொடிப் பொடியாகத் துருப்புள்ளிகள். பிடியில் வால்நட் மரம், கட்டம் கட்டமாகச் செதுக்கியது கைபட்டுத் தேய்ந்து வழுவழுவென்றிருந்தது. பழைய பழக்கத்தில் எண்ணை டைரியில் குறித்துக்கொண்டேன். குழலின் வலப்பக்கம் எஸ் என்ற எழுத்தும் 1881 என்ற ஆண்டும் இருந்தன. அதையும் எழுதினேன். எழுதியதோடு சும்மா இருந்திருக்கலாம்.

"என்ன மாமா, இப்படியேவா கொண்டுபோறது?" என்றான் அக்கா மகன்.

நான்தான் சொன்னேன், "இதை யாருடா 700 கொடுத்து வாங்குவான்? முலாம் போட்டு எடுத்துக்கிட்டுப் போ" என்று.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாம் வளர்ந்த வீடுகளில் பழசு என்றால் புதுப்பிப்பதுதான் மரியாதை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்போம். வெள்ளிக்கிழமை தேய்க்காத விளக்கைப் பார்த்தால் அந்த வீட்டுப் பெண்ணைத்தான் குறை சொல்வோம். பழைய லாம்பிரட்டா விற்பவன்கூட பம்பருக்குக் குரோமியம் போட்டுவிட்டுத்தான் விலை சொல்வான். கன்னங்கரேலென்று ஒன்றைக் கொண்டுபோய் இதுதான் பழசு, இதுதான் விலை என்று சொல்லும் உலகம் ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது.

மோட்டார் சைக்கிள் பாகங்களுக்கு முலாம் போடும் பட்டறை ஒன்று அவனுக்குத் தெரியும். 120 யூரோ கேட்டார்கள். பத்து நாளில் வந்தது. பெட்டியைத் திறந்ததும் கண் கூசியது. நிக்கல் முலாம். கண்ணாடி மாதிரி என் முகம் அதில் தெரிந்தது. துருப்புள்ளி ஒன்றுகூட இல்லை. நான் என்ன சொன்னேன் என்று நன்றாக நினைவிருக்கிறது. "இப்ப பாரு, 900 கேளு" என்றேன்.

அக்கா அப்போது மருத்துவரிடம் போயிருந்தாள். அவளுக்குக் காட்டாமலே ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிளம்பிவிட்டோம்.

பக்கத்து ஊரில் ஒரு பொது மண்டபத்தில் பழைய ஆயுதச் சந்தை. நம்மூர் பள்ளிக்கூடக் கண்காட்சி மாதிரி நீளமாக மேஜை போட்டு, பச்சைத் துணி விரித்து, வாள், தொப்பி, பதக்கம், துப்பாக்கி என்று பரப்பியிருந்தார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். சத்தமே இல்லை. வைரம் பார்ப்பவர்களைப் போல எல்லோர் சட்டைப் பையிலும் ஒரு லென்ஸ். ஒரு மேஜையில் 1873 மாதிரிகள் மட்டும் ஐந்தாறு இருந்தன. அதன் பின்னால் மூக்குக்கண்ணாடி அணிந்த ஒரு பெரியவர். அவரிடம் போய் என்னுடைய பள்ளிக்கூடப் பிரெஞ்சில் வணக்கம் சொல்லி, பெட்டியைத் திறந்தேன்.

அவர் முகத்தை நான் மறக்கவில்லை. முதலில் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளைத் துணி ஒன்றை விரித்து அதன் மேல் வைத்தார். லென்ஸை எடுத்தார். திருகாணிகளைப் பார்த்தார். எழுத்துகளைப் பார்த்தார். சட்டத்தின் விளிம்பில் நகத்தை ஓட்டினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "முசியே, இதை இப்படி ஆக்கியது எப்போது?" என்று கேட்டார்.

"போன வாரம்" என்றேன், பெருமையாக.

"ஐயோ" என்பதற்குப் பிரெஞ்சில் என்னவோ அதைச் சொன்னார்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் அதில் எனக்கு ஒரு படிப்பு இருந்தது. முலாம் என்பது ஒரு மெல்லிய தோல். ஆயுதத்தைச் சுத்தம் செய்து, நிக்கல் உப்புக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினால், எதிரில் தொங்கும் நிக்கல் தகட்டிலிருந்து உலோகம் கரைந்து வந்து இதன் மேல் படியும். அதற்கு முன்னால் பல பட்டறைகள் அடியில் செம்பு ஒரு பூச்சுப் போடுவதும் உண்டு. இதெல்லாம் கெடுதல் இல்லை. கெடுதல் அதற்கு முந்தின நாள் நடக்கிறது. முலாம் பள்ளத்தை மறைக்காது, இன்னும் தூக்கலாகக் காட்டிக்கொடுக்கும். கண்ணாடி போலப் பளபளக்க வேண்டுமானால் அடியிலிருக்கும் இரும்பைக் கண்ணாடி போல ஆக்க வேண்டும். அதற்குத் துணிச்சக்கரத்தில் வைத்துத் தேய்ப்பார்கள். துருப்புள்ளி போக வேண்டுமென்றால் புள்ளியின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள இரும்பு முழுதும் போக வேண்டும்.

"நீங்கள் ஒன்றைச் சேர்த்ததாக நினைக்கிறீர்கள். அவர்கள் எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்" என்றார்.

ஒவ்வொன்றாகக் காட்டினார். திருகாணித் துளையைச் சுற்றிச் சின்னக் குழி விழுந்திருந்தது, தட்டைப் பரப்பில் துணிச்சக்கரம் துளைக்குள் வழுக்கிவிடுமாம். கத்தி போல் இருக்க வேண்டிய விளிம்புகள் சோப்புக்கட்டி மாதிரி உருண்டிருந்தன. எஸ் எழுத்தின் கீழ் வளைவு காணோம். 1881ல் கடைசி ஒன்று ஒரு நிழலாக இருந்தது. ஆயுதச் சாலையின் பரிசோதகர்கள் குத்திய பொடி முத்திரைகள் இருந்த இடத்தில் என் முகம் தெரிந்தது. ஒரு பாகத்தைக் கழற்றி அதிலிருந்த எண்ணைச் சட்டத்தின் எண்ணோடு ஒத்துப் பார்த்தார். ஒத்துப்போனது. அதைப் பார்த்ததும் அவருக்கு வருத்தம் அதிகமாகிவிட்டது. எல்லாப் பாகமும் பிறந்ததிலிருந்தே ஒன்றாக இருந்த துப்பாக்கியாம். பாகம் மாறிப்போனதென்றால்கூட மனசு ஆறியிருக்கும் போலிருக்கிறது.

நான் சும்மா விடவில்லை. அவர் மேஜையில் இருந்தவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டேன், "இந்த 1873 மாதிரி ஆயுதச் சாலையிலிருந்து வந்தபோது பளபளப்பாகத்தானே இருந்தது?" என்று. அதற்கு முந்தின இரவு அக்கா மகன் படித்துச் சொன்ன விஷயம் அது. உண்மைதான். அதிகாரிகளுக்கென்று செய்த 1874 மாதிரிக்குக் கருநீலப் பூச்சு. சிப்பாய்களுக்கான 1873க்குப் பூச்சே கிடையாது. இரும்பை வெறுமனே தேய்த்து வெள்ளையாக விட்டுவிடுவார்கள். அப்படியானால் பளபளப்பு அதன் பிறவி நிறம்தானே? நான் அதை அதன் இளமைக்குத் திருப்பியிருக்கிறேன், இதில் என்ன பாவம்?

பெரியவர் சிரித்தார். தன்னுடைய ஒன்றை எடுத்து என்னுடையதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் வெள்ளைதான். ஆனால் பக்கத்தில் வைத்ததும் தெரிந்தது. அவருடையது நிலா வெளிச்சத்தில் தண்ணீர் போல லேசாக நீலம் கலந்த சாம்பல். என்னுடையது மஞ்சள் பாரித்த வெள்ளை, கல்யாணச் சத்திரத்துக் கரண்டி மாதிரி. அவருடையதில் ஆயுதச் சாலையில் தேய்த்த கோடுகள் ஒரே திசையில் மெலிதாக ஓடின. அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் இதை யாரும் தொடவில்லை என்று தெரிந்துகொள்வார்களாம். என்னுடையதில் கோடே இல்லை.

அடுத்த மேஜைக்காரர் அமெரிக்க ரிவால்வர்கள் வைத்திருந்தார். எங்கள் பேச்சு காதில் விழுந்து அவரும் எழுந்து வந்தார். குண்டான மனிதர், கலகலப்பானவர். அவர் நிக்கலுக்காக வக்கீலாக வந்தார் என்றே சொல்லலாம். "நிக்கல் என்றாலே குற்றமில்லை" என்றார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி அந்தக் காலத்தில் சட்டைப்பையில் வைக்கும் சின்ன ரிவால்வர்களை ஏராளமாக நிக்கல் பூசியே விற்றது. அது கம்பெனி போட்ட முலாம், அதுவே அதன் பிறவிக் கோலம். அதைச் சுரண்டிவிட்டு நீலம் பூசினால்தான் தப்பு. கம்பெனி முலாமா, தெருமுனைப் பட்டறை முலாமா என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் சொன்னார். கம்பெனியில் விசைக்கும் பின்னாலிருந்து அடிக்கும் சுத்திக்கும் பொதுவாக நிக்கல் போட மாட்டார்கள். அவற்றைச் சூட்டில் கடினப்படுத்துவார்கள். எண்ணெய் சிந்திய தண்ணீரில் தெரிவதுபோல் அவற்றில் பல நிறங்கள் ஓடும். அதனால் உடம்பும் வெள்ளை, விசையும் வெள்ளை, சுத்தியும் வெள்ளை என்றால் சந்தேகப்பட வேண்டும். மூவரும் என்னுடையதைத் திரும்பிப் பார்த்தோம். திருகாணி முதல் பிடியின் அடிவளையம் வரை வெள்ளை. பட்டறைக்காரன் தாராள மனசுக்காரன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். குமாஸ்தாவாக வேலை பார்த்தவன் என்ற முறையில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அதுதான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கி பழுதாகிக் கம்பெனிக்கே திரும்ப வந்து, அங்கேயே மறுபடி முலாம் போட்டால், சில காலங்களில் அதை மறைக்காமல் குறித்து அனுப்பியிருக்கிறார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் குத்துவார்கள். பிடியைக் கழற்றினால் உள்ளே, மறுபூச்சு நிக்கல் என்பதற்கான இரண்டு எழுத்தும் மாதமும் வருஷமும் இருக்கும். அப்படிக் குறி இருந்தால் சேகரிப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள், ஆனால் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டார்களாம். கோல்ட் கம்பெனியோ இன்றைக்கும் பணம் கட்டி எண்ணைக் கொடுத்தால், பழைய பேரேட்டைப் பார்த்து, இந்தத் துப்பாக்கி இன்ன தேதியில் இன்ன பூச்சோடு இன்னாருக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் கொடுக்கிறதாம். அமெரிக்கப் பட்டாளத்துக்கென்று நீலப் பூச்சில் போன கோல்ட்கள் பிறகு கழித்துவிடப்பட்டு, வியாபாரிகள் கையில் நிக்கல் பூசிக்கொண்டு வந்ததுண்டு. பேரேடு காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. பதிவேட்டில் தப்பாக எழுதிவிட்டால் பிளேடால் சுரண்டக்கூடாது, வெள்ளை மை பூசக்கூடாது. பழைய எழுத்து படிக்கிற மாதிரி ஒரே ஒரு கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். புதிதாக வந்த பையன் ஒருவன் பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று ஒரு எண்ணைச் சுரண்டிவிட்டு அழகாக எழுதியதற்கு நான் கத்தியிருக்கிறேன். "அடிச்சு எழுதுடா, அழிச்சு எழுதாதே" என்று. அந்தப் பையன் இப்போது என்னைப் பார்த்தால் என்ன நினைப்பான்?

பிறகு அந்த இருவருக்குள்ளேயே வாக்குவாதம் வந்துவிட்டது. குண்டானவர் சொன்னார், இந்த 1873லேயே நூறு வருஷத்துக்கு முன் யாரோ ஒரு சொந்தக்காரர் ஆசைப்பட்டு நிக்கல் போட்டிருந்தால் அது அந்தக் காலத்து முலாம், அதற்கென்று வாங்குகிற ஆள் உண்டு என்று. பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. சக்கரம் நூறு வருஷத்துக்கு முன் சுற்றினாலும் இன்றைக்குச் சுற்றினாலும் போன எழுத்து போனதுதான் என்றார். "அப்போ இவரும் நூறு வருஷம் காத்திருந்தா சரியாப்போச்சு" என்று அக்கா மகன் என் காதில் தமிழில் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம்மூர்க் கோயில்கள்தான் நினைவுக்கு வந்தன. கருங்கல்லில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கு போகட்டும் என்று மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்தார்கள். தூண்கள் புதுசு மாதிரி வெளுத்தன. கூடவே கல்வெட்டு எழுத்துகளும் சிலைகளின் மூக்கு முழியும் மழுங்கின. தொல்லியல்காரர்கள் கத்திக் கத்திப் பிறகுதான் நிறுத்தச் சொன்னார்கள். அதை எதிர்த்துப் பேசியவர்களில் நானும் ஒருவன். காப்பிக் கடையில்தான் என்றாலும், பேசினேன்.

"முலாமை எடுத்துவிடலாமா?" என்று கேட்டேன். எடுக்கலாம், மின்சாரத்தைத் திருப்பிவிட்டால் வந்த வழியே போய்விடும் என்றார் பெரியவர். ஆனால் அடியில் இருப்பது தேய்த்த இரும்பு. பழைய நிறம் வர இன்னொரு நூறு வருஷம் ஆகும், எழுத்து வரவே வராது. கடைசியில், பாகங்கள் எண் ஒத்துப்போவதால் உதிரிப் பாகங்களுக்காக 200 யூரோ கொடுக்கிறேன் என்றார். தொடாமல் கொண்டுவந்திருந்தால்? அவர் பதில் சொல்லத் தயங்கினார். மரியாதைக்காரர். குண்டானவர் சொல்லிவிட்டார், "தயங்காமல் 650 கொடுத்திருப்பேன்." 120 கொடுத்து 450ஐத் தேய்த்துவிட்டேன். கணக்கு நான் சரியாகப் போடுவேன்.

விற்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். ரயிலில் ஒருவருக்கொருவர் பேசவில்லை.

அக்கா கதவைத் திறந்தாள். எங்கே போனீர்கள் என்று கேட்டாள். மறைக்க முடியவில்லை. பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திறந்தேன். பணம் போனதற்குத் திட்டுவாள் என்று எதிர்பார்த்து, அதற்கான பதிலையும் தயார் செய்துவைத்திருந்தேன். அவள் விலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது நம்மளுதா?" என்றாள். ஆமாம் என்றேன். கையில் எடுத்தாள். குழலைப் பார்க்கவில்லை, எழுத்தைப் பார்க்கவில்லை. நேராகத் தலைகீழாகத் திருப்பி, பிடியின் அடியில் வளையம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்து இரும்பில் கட்டைவிரலை வைத்துத் தடவினாள். திரும்பத் தடவினாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள்.

"இங்க ஒரு எழுத்து இருந்துச்சே, தம்பி."

என்ன எழுத்து என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

ஃப்ரெழூஸில் இருந்தபோது அத்தான் ஊசி அரத்தால் கீறினாராம். 'ம'. வட்டம் போட இடம் போதவில்லையாம். துடைக்கும் போதெல்லாம் கடைசியாக அந்த இடத்தைத் துடைத்துவிட்டு அவளிடம் காட்டுவாராம், எழுத்து நன்றாக இருக்கிறதா என்று. ஒவ்வொரு தடவையும் கோணலாக இருக்கிறது என்று இவள் சொல்வாளாம். நாற்பத்தைந்து வருஷ வேடிக்கை. நான் எண்ணைக் குறித்தேன், ஆண்டைக் குறித்தேன். பிடிக்கு அடியில் திருப்பிப் பார்க்கவில்லை. பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

"எங்களுக்குத் தெரியாதுக்கா" என்றேன்.

"உனக்கு எப்படிடா தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். அன்று மீன் குழம்பு. நன்றாகத்தான் சாப்பிட்டாள். என்னால் முடியவில்லை.

அடுத்த வருஷம் அக்கா ஊருக்கு வந்துவிட்டாள். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். எண்பத்தாறு வயது. காது மந்தம், கண் பரவாயில்லை. ரிவால்வர் அவள் மகனிடமே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவான். போன ஞாயிறு ஏதோ தேடும்போது கைக்குக் கிடைத்ததென்று அதை எடுத்துக் காட்டினான். முலாம் உரிய ஆரம்பித்திருக்கிறது. விசைக்கூட்டின் ஓரத்தில் வெங்காயத் தோல் மாதிரி கிளம்பி, அடியில் செம்பு சிவப்பாகத் தெரிந்தது. பிடிக்கடியிலும் கொஞ்சம் தூக்கியிருந்தது. பட்டறைக்காரனைத் திட்டிக்கொண்டே கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

அக்கா போனை என் கையிலிருந்து வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இது பூரா உரிஞ்சு விழுந்தா, அடியில அந்த எழுத்து இருக்குமாடா?" என்று கேட்டாள்.

பையன் அங்கிருந்து, "அம்மா என்ன கேக்குறாங்க மாமா, கேக்கல" என்றான். நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.